ஹவாய்க் கடலில் ஓர் இரவு

திருக்கை என்றதும் எமது வீடுகளில் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, அடுக்களையில் மணக்கும் திருக்கை வறை; மற்றொன்று, குழப்படி செய்யும் பிள்ளைகளை அக்காலத்தில் நடுங்கவைத்த திருக்கை வால். அந்தத் திருக்கைக் குலத்திலேயே, மனிதருக்கு ஒரு தீங்கும் செய்யாத பேருருவம் ஒன்றுண்டு. எமது மீனவர் அதனை ஆனைத் திருக்கை என்பர். மேனாட்டார் வைத்த பெயர் மந்தா. ஸ்பானிய மொழியில் அச்சொல் போர்வையைக் குறிக்கும். அது இரவிலே இரையுண்ணும் காட்சியைக் காணவே நாம் ஹவாய்க்குச் சென்றோம்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளுள் மிகப் பெரியதன் மேற்குக் கரை கோனா எனப்படும். எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைகள் கடலோரம் வரை பரந்து கிடக்கின்றன. உயர்ந்த மலைகள் காற்றைத் தடுப்பதால் இக்கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

இங்குள்ள கெயாஹூ குடாவின் ஓரத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரு ஹொட்டேல் எழுந்தது. விருந்தினர் அலைகளைக் கண்டு களிக்கட்டும் என்று கடலை நோக்கி விளக்குகளைப் பாய்ச்சினர். அவ்வொளியை நாடி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் திரண்டன. அவற்றை உண்ணத் திருக்கைகள் வந்தன. திருக்கைகளைக் காண மனிதர் வந்தனர். இன்று விமான நிலையத்துக்கு அண்மையிலுள்ள வேறொரு குடாவிலும் இக்காட்சியைக் காணலாம்.

சூரியன் மறையும் வேளையில் எமது மோட்டார் வள்ளம் புறப்பட்டது. வழிகாட்டி முதலில் விதிகளைச் சொன்னார். திருக்கையைத் தொடலாகாது, அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலமே நோயிலிருந்து அதனைக் காக்கிறது. அதனைப் பின்தொடர்ந்து நீந்தலாகாது. கால்களைக் கீழே தொங்கவிடாமல் நீட்டி மிதக்க வேண்டும்.

இறப்பர் உடையும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரில் இறங்கினோம். மிதவைப் பலகையொன்றின் கைப்பிடிகளைப் பற்றி, முகங்கவிழ்ந்து வரிசையாக மிதந்தோம். பலகையின் அடியிலிருந்த விளக்குகள் கடலடியை நோக்கி ஒளி வீசின. அவ்வொளியில் நுண்ணுயிர்கள் தூசிபோல் மிதந்தன. அதற்கப்பால் ஒரே இருள்.

திடீரென அவ்விருளிலிருந்து ஓர் அகன்ற உருவம் சிறகசைத்து எழுந்தது. ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை 10 அடிக்குக் குறையாது. தலையின் இருபுறமும் உள்ள மடல்களை விரித்து, வாயைத் திறந்து, எம்மை நோக்கியே வந்தது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வயிற்றைக் காட்டிக் கரணமடித்துத் திரும்பியது, மீண்டும் வந்தது. திறந்த வாயினூடாக உள்ளே செவுள்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நீரை வடித்து நுண்ணுயிர்களை நிறுத்தும் சல்லடை அதுவே. அச்சம் எப்போது நீங்கிற்று என்பதை நாம் அறியோம்.

வெண்ணிற வயிற்றிலுள்ள கரும்புள்ளிகள் எமது கைரேகை போன்றவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றைக் கொண்டு இக்கரையில் முந்நூறுக்கும் மேற்பட்ட திருக்கைகளை இனங்கண்டு பெயரும் இட்டுள்ளனர். ஹவாய் மக்களின் பழைய மொழியில் இதற்கு ஹாஹாலுவா என்று பெயர்.

இவ்வளவு அன்பு காட்டும் இடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரே இரவில் பல வள்ளங்கள் ஒரு சிறு குடாவில் நெருங்குகின்றன. சுழல்விசிறியாலும் தூண்டில் நரம்பாலும் காயமுற்ற திருக்கைகள் உண்டு. இவற்றைக் கொல்வதையும் பிடிப்பதையும் ஹவாய் அரசு 2009 இல் சட்டத்தால் தடுத்தது. ஆயினும் காண வருவோரின் அடக்கமே அதனினும் பெரிய காவல்.

எமது கடலின் நிலை வேறு. சூரை மீனுக்கென விரித்த வலைகளில் ஆனைத் திருக்கைகளும் சிக்குகின்றன. இறைச்சிக்கு அதிக விலையில்லை. உலர்த்திய செவுள்களே சீன மருந்துக் கடைகளுக்கென ஏற்றுமதியாகி வந்துள்ளன. இப்பிராணியோ முட்டைகளைக் கொத்தாக இடுவதன்று. ஏறக்குறைய ஓராண்டு கருச்சுமந்து ஒரேயொரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகலாம். வலையில் அள்ளும் வேகத்துக்கு இவ்வினம் ஈடு கொடுக்க மாட்டாது. இதனாலேயே 2013 இல் பாங்கொக்கில் கூடிய உலக நாடுகள் மந்தாத் திருக்கை வாணிபத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன.

கோனாவில் ஒரு திருக்கை ஆண்டுக்கணக்காக இரவுதோறும் வந்து பல குடும்பங்களுக்குச் சோறளிக்கிறது. வலையில் மாண்டதோ ஒரு நாள் விலையோடு முடிகிறது. எமது மீனவனின் வறுமையை மறந்து இதைக் கூறுவது முறையன்று. வலையை அறுத்து அதனை விடுவிப்பவனுக்கு அந்நட்டம் பெரிது. அந்நட்டத்தை அவன் தலையில் மட்டும் சுமத்தாமல் நாடே பகிர்ந்துகொள்ள வழி காணுமாயின், ஆனைத் திருக்கையை எமது பிள்ளைகளும் உயிரோடு காண்பார்கள்.