குறுக்குவழியும் ஒரு வழக்கும்





சென்ற டிசம்பர் விடுமுறையில், சிங்கப்பூரில் வசிக்கும் நமது தங்கையின் குடும்பத்தார் ஊருக்கு வந்திருந்தனர். பெட்டிகள் திறக்கப்பட்டு, மிட்டாய்களும் துணிமணிகளும் உரியவர்களுக்குப் பங்கிடப்பட்டபின், தங்கையின் பதினாறு வயது மகன் தன் பையிலிருந்து இரண்டு சிறு கருவிகளை எடுத்தான். புத்தகம்போல் மடித்து மூடக்கூடியவை. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. நின்டெண்டோ 3டிஎஸ் என்று அவற்றுக்குப் பெயர். ஒன்று அவனுடையது. மற்றொன்று அவனுடைய ராத்தா கல்லூரிக்குச் சென்றபின் தொடாமல் விட்டது. அந்த இரண்டாவதை நமது பன்னிரண்டு வயது மகனிடம் நீட்டி, "மச்சான், இது உனக்கு" என்றான். மகனின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது. அதே கருவி பத்து நாட்களில் ஒரு வழக்காக நம் முன் வந்து நிற்கும் என்று அன்று நாம் எண்ணவில்லை.

நாம் இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் பாடம் நடத்தி வருகிறோம். இத்தகைய கருவிகளைக் கண்டாலே நமக்கு ஒரு தயக்கம் உண்டு. நேரத்தை அவை எப்படி விழுங்குகின்றன என்பதைப் பாடம் ஒப்பிக்க வரும் பிள்ளைகளின் கண்களிலேயே பார்க்கிறோம். ஆயினும் விருந்தாளியாக வந்த பிள்ளையின் அன்பளிப்பைத் தடுக்க மனம் வரவில்லை. பாங்கு ஒலித்தால் மூடிவிட வேண்டும். ஓதல் பாடம் முடியாமல் திறக்கக் கூடாது. பணம் கட்டி ஆடும் எதுவும் கூடாது. இம்மூன்று நிபந்தனைகளுடன் அனுமதித்தோம். பிள்ளைகளும் அவற்றைப் பேணினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

தடை விதிப்பவர் எதைத் தடுக்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா? எனவே அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் ஆடுவதைக் கவனிக்கத் தொடங்கினோம். மரியோ கார்ட் 7 என்பது அந்த விளையாட்டு. சிறு வண்டிகளில் எட்டுப் பேர் பந்தயம் விடுவார்கள். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1992இல் தொடங்கிய வரிசை இது. கையடக்கக் கருவிக்கு இவ்வரிசை முதன்முதலாக 2001இல் வந்தது, பின்னர் 2005இல் டிஎஸ் கருவிக்கு ஒன்று, 2011இல் இது. வண்டி சில இடங்களில் இறக்கை விரித்துப் பறக்கிறது. சில இடங்களில் நீருக்கடியில் செல்கிறது. பாதையில் கிடக்கும் நாணயங்களைப் பத்து வரை சேர்த்தால் வேகம் கூடுகிறது.

மருமகன் வெறுமனே ஆடுகிறவன் அல்லன். இவ்விளையாட்டைப் பற்றி உலகெங்கும் ஆடுவோர் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் படித்து வைத்திருந்தான். பறப்பதையும் நீருக்கடியில் செல்வதையும் பலரும் மெச்சினார்களாம். ஆனால் தனியாக ஆடுபவர் தமக்குப் பிடித்த பாதையைத் தெரிவுசெய்து கணினிப் போட்டியாளர்களுடன் மோதும் வசதி இதில் இல்லை என்பது பெருங்குறை என்றார்களாம். முந்தைய டிஎஸ் விளையாட்டில் இருந்த, சிறுசிறு பணிகளை முடிக்கும் பகுதியை ஏன் நீக்கினார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. வாலுயீஜி என்ற பாத்திரத்தை விட்டுவிட்டு, யாரும் கேட்காத தேனீ அரசியைச் சேர்த்தது ஏன் என்று கோபித்தவர்களும் உண்டு. இவற்றைக் கேட்டு நாம் புன்னகைத்தோம். கல்யாண விருந்து உண்டு எழுந்தவர்கள் வாசலில் நின்று பேசும் பேச்சைப் போலவே இருந்தது அது.

எனினும் மூன்று விவாதங்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன.

முதலாவது, நீல ஓடு. பின்தங்கியவர்க்கு வலுவான ஆயுதங்களையும், முன்னிற்பவர்க்கு வாழைப்பழத்தோல் போன்ற எளியவற்றையும் தருவது இவ்விளையாட்டின் வழக்கம். அந்த ஆயுதங்களுள் நீல ஓடு முதலிடத்தில் செல்பவரைத் தேடிச் சென்று அடிக்கும். இந்த 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அது தரையோடு ஓடி, வழியில் நிற்பவரையும் வீழ்த்தும். "நன்றாக ஓட்டியதற்குத் தண்டனையா?" என்பது தேர்ந்தவர்களின் கேள்வி. "அது இல்லாவிட்டால் புதிதாய் ஆடுகிறவன் இரண்டாம் நாளே ஓடிவிடுவான்" என்பது மற்றவர்களின் பதில். நமக்கோ அள்பா என்னும் ஒட்டகம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களின் அந்த ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மனவருத்தமாக இருந்தது. உலகில் உயர்கின்ற எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். முதலிடத்தில் இருக்கும்போதே அடி விழும் என்று அறிந்து ஆடும் பிள்ளை, தோற்கவும் கற்றுக்கொள்கிறது என்று நமக்குத் தோன்றியது.

இரண்டாவது, பாம்பாட்டம். 2005ஆம் ஆண்டின் டிஎஸ் விளையாட்டில், வளைவில் வண்டியைச் சறுக்கியபடி திசைப் பொத்தானை இடமும் வலமுமாக அசைத்தால் சக்கரத்தில் தீப்பொறி பறக்கும். விட்டதும் வண்டி ஒரு கணம் பாய்ந்து செல்லும். வளைவுக்கென்று வைத்த இந்தச் சலுகையைத் தேர்ந்த சிலர் நேர்ப்பாதையிலும் ஓயாமல் பயன்படுத்தினர். வண்டி பாம்புபோல் நெளிந்து நெளிந்து மற்றவர்களை விட்டு வெகுதூரம் சென்றுவிடும். இதற்கு ஸ்நேக்கிங் என்று பெயரிட்டார்கள். இணையவழிப் போட்டியில் இதைக் கண்டதுமே பாதியில் வெளியேறியவர்கள் உண்டு. "விரல் வலிக்கப் பழகிய திறமை, விரும்பினால் நீயும் பழகு" என்றது ஒரு சாரார். "பந்தயத்தையே வேறு விளையாட்டாக்கி விட்டீர்கள்" என்றது மறு சாரார். அடுத்து வந்த விளையாட்டுகளில் அந்தப் பாய்ச்சல் கிடைக்கும் முறையையே தயாரிப்பாளர்கள் மாற்றிவிட்டனர்.

மூன்றாவதுதான் நம் வீட்டுக்குள் வந்தது. மரியோ கார்ட் 7இல் மாகா வூஹு என்றொரு பாதை இருக்கிறது. அதில் ஓரிடத்தில் வண்டியை வேண்டுமென்றே நீரில் இறக்கினால், விழுந்தவர்களை மேகத்தில் அமர்ந்து தூக்கிவிடும் பாத்திரம், விழுந்த இடத்தில் விடாமல் வெகுதூரம் முன்னால் கொண்டுபோய் இறக்கிவிடும். தயாரிப்பாளர்கள் கவனிக்காமல் விட்ட பிழை அது. செய்தி பரவியதும் இணையத்தில் அந்தப் பாதை வரும்போதெல்லாம் பலரும் நீரில் குதித்தார்கள். நேர்மையாக ஓட்டியவர் கடைசியில் வந்தார். 2012 மே மாதத்தில் நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டு இதை அடைத்தது. ஆனால் இணையவழிப் போட்டிக்கு மட்டுமே அந்தத் திருத்தம் செல்லும். அருகருகே அமர்ந்து ஆடுவோர்க்குப் பிழை அப்படியே இருக்கிறது. 2024 ஏப்ரலில் இக்கருவிக்கான இணையச் சேவையும் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று, எதிரே இருப்பவருடன் நேருக்கு நேர் ஆடும் ஆட்டமே மிஞ்சியுள்ளது. அங்கே காவலரும் இல்லை.

பத்தாம் நாள் மாலை மகன் அழுதுகொண்டே வந்தான். முதன்முறையாக மச்சானை முந்திக்கொண்டு சென்றானாம். பாதி வழியில் மச்சான் நீரில் விழுந்ததைக் கண்டு வெற்றி உறுதி என்று மகிழ்ந்தானாம். மறுகணம் மச்சானின் வண்டி அவனுக்கு வெகு முன்னால் இருந்தது. கருவியை மூடி மச்சானின் பைமீது வைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். இரவு ஒரே சஹனில் அமர்ந்து உண்ணவும் மறுத்தான். தங்கை குடும்பம் புறப்பட மூன்று நாட்களே இருந்தன. தங்கையின் கண்களும் கலங்கின.

இஷாவுக்குப் பின் இருவரையும் அமர்த்தினோம். மருமகன் பணிவாகவே பேசினான்: "மாமா, நான் ஏமாற்றவில்லை. கருவியைத் திருத்தவில்லை. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் வழி. கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை." சற்றுத் தயங்கிவிட்டுத் தொடர்ந்தான்: "நீங்கள்கூட அந்த மனனப் போட்டிக் கதை சொல்வீர்களே, மாமா. கூர்மையாகக் கவனிப்பவன்தான் வெல்வான் என்று."

நமக்கு நா எழவில்லை.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மத்ரஸா மாணவர்களுக்கான மனனப் போட்டி ஒன்று நடந்தது. அம்ம ஜுஸ்உ முழுவதையும் மனனம் செய்து வர வேண்டும். நடுவர்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில சூராக்களிலிருந்தே கேட்பதை நாம் கவனித்திருந்தோம். நம் மாணவனுக்கு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓதக் கொடுத்தோம். அவனே முதற்பரிசு பெற்றான். நாம் எந்த விதியையும் மீறவில்லை. அதைப் பெருமையாக எத்தனையோ முறை வீட்டில் சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அடுத்த மாதம் அதே மாணவனை அல்முதஃப்பிஃபீன் சூராவை ஓதச் சொன்னபோது, அவனால் மூன்று வசனங்களைத் தாண்ட முடியவில்லை. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் சூரா அது. அன்று முழு ஜுஸ்உவையும் மனனம் செய்து வந்து தோற்றுப்போன பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் முகங்களை நாம் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை.

அதை அன்றிரவு இரு பிள்ளைகளிடமும் ஒளிக்காமல் கூறினோம். பிறகு நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்வை எடுத்துரைத்தோம். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்தது அவர் குற்றமன்று. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததே அவர் மீதான கண்டனம்.

"விதி தடுத்ததா என்று கேட்கிறாய்; அது ஒரு கேள்வி," என்றோம் மருமகனிடம். "உன் எதிரே இருப்பவனுக்கு அது தெரியுமா என்பது இன்னொரு கேள்வி. தெரிந்திருந்தால் நீங்கள் இருவரும் ஒரே பந்தயத்தில் இருக்கிறீர்கள். தெரியாவிட்டால் அவன் ஒரு பந்தயத்திலும் நீ வேறொரு பந்தயத்திலும் இருக்கிறீர்கள். அதில் யார் யாரை வென்றதாகக் கணக்கு?" பாம்பாட்டத்தைப் பற்றி அத்தனை ஆண்டுகள் நடந்த வாதமும் இதுவே என்று நமக்கு அப்போது விளங்கிற்று. திறமையா, தந்திரமா என்று இரு தரப்பும் வாதிட்டன. என்ன ஆட்டம் ஆடுகிறோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டவர்களுக்கு அந்தச் சண்டையே எழுந்திருக்காது.

மருமகன் சிறிது நேரம் தலை குனிந்திருந்தான். பின்பு கருவியை எடுத்து மகனருகே நகர்ந்து அமர்ந்து, "இங்கே பார் மச்சான், இந்த இடத்தில்தான் இறங்க வேண்டும்" என்று காட்டிக்கொடுத்தான். மகன் நான்கு முறை தவறி, ஐந்தாம் முறை சரியாக விழுந்தான். மேகத்து ஆள் அவனையும் தூக்கி முன்னால் விட்டபோது, இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறுநாள் அவர்களே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: ஒரு பந்தயம் குறுக்குவழியோடு, ஒரு பந்தயம் அது இல்லாமல். இரண்டாவது வகையில் மகன் ஒருமுறை உண்மையாகவே வென்றான். அப்போது நீல ஓடு மச்சானின் வண்டியை அடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மருமகன் முறையிடவில்லை. அது இருவரும் அறிந்த விதி.

விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அந்தக் கருவி மீண்டும் மகனின் கையில் இருந்தது.

நமக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. போட்டி நடத்துவோருக்குக் கடிதம் எழுதினோம். கேள்விகள் சில சூராக்களைத் தாண்டி வருவதில்லை என்பதையும், அதை அறிந்து நாம் ஒருமுறை பயன்பெற்றோம் என்பதையும் குறிப்பிட்டு, முழு ஜுஸ்உவிலிருந்தும் கேட்குமாறு வேண்டினோம். மடலை உறையிலிட்டு ஒட்டும்போது கை சற்று நடுங்கியது உண்மையே. இந்த ஆண்டு நம் மாணவர்கள் அந்நபஃ தொடங்கி அந்நாஸ் வரை அத்தனையும் ஓதுகிறார்கள். பரிசு வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

வாசகர்களே, பிள்ளைகளின் கையிலுள்ள கருவியை மட்டும் நாம் கண்காணிக்கிறோம். நாம் பெருமையாகச் சொல்லும் கதைகளை அவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். வியாபாரத்திலும் படிப்பிலும் பதவியிலும் "விதி தடுக்கவில்லையே" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், ஏதோ ஒரு மாலைப்பொழுதில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து நமக்கே திரும்பி வரும். அப்போது நாணாமல் நிற்கும் வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.