பின்னால் வரும் வண்டி

2024ஆம் ஆண்டு விடுமுறையில், கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமையனாரிடம் சென்று சில வாரங்கள் தங்கியிருந்தேன். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய அவர், படுக்கையறையும் சமையலறையும் உள்ளடங்கிய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார். அண்ணியாருக்கு அந்நாட்டைக் கரை முதல் கரை வரை காட்ட வேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. ஆனால் அத்துணைப் பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திய பின், பாணும் பாலும் வாங்க மீண்டும் அதனைக் கிளப்பலாகுமா? ஆதலால் பலர் சிறு கார் ஒன்றை, தாய்ப்பசுவின் பின்னே கன்று போல, கட்டி இழுத்துச் செல்வர். அக்காரைத் தெரிவுசெய்யத் தமையனார் என்னையும் அழைத்துச் சென்றார்.

“கியரை நியூட்ரலில் விட்டால் எந்தக் காரும் உருளுந்தானே, அண்ணை?” என்றேன். விற்பனையாளர் ஒருவரும் அவ்வாறே கூறிப் புதிய ஆட்டோமற்றிக் கார் ஒன்றைக் காட்டினார். தமையனாரோ அதன் கைந்நூலைக் கேட்டு வாங்கி வாசித்தார். நான்கு சக்கரங்களும் நிலத்தில் உருள அதனை இழுக்கலாகாது என்று அதில் எழுதியிருந்தது. காரணம் எளியது. பல ஆட்டோமற்றிக் கார்களில், கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் செலுத்தும் பம்பி எஞ்சின் ஓடும்போது மாத்திரமே இயங்கும். எஞ்சின் ஓடாமல் சக்கரங்கள் மட்டும் நெடுந்தூரம் சுழன்றால், உள்ளுறுப்புகள் எண்ணெயின்றி உராய்ந்து பழுதாகிவிடும். பட்டதாரி ஆசிரியனாகிய நான் நாணினேன்.

ஜீப் றாங்ளரில் இத்தொல்லை இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் வலுவைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியை நியூட்ரலில் இட்டால், சக்கரங்களுக்கும் கியர்ப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு நீங்கிவிடும். இதுவே தக்கதென்று இருவரும் முடிவுசெய்தோம். முற்பணம் கொடுக்கும் வேளையில் அண்ணியார் அதில் ஏற முயன்றார். முழங்கால் வாதத்தால் வருந்துபவர் அவர். மும்முறை முயன்றும் இயலவில்லை.

“பரவாயில்லைத் தம்பி. நான் பெரிய வண்டிக்குள்ளேயே இருக்கிறன். நீங்கள் பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ” என்றார் புன்னகையோடு.

தமையனார் ஒன்றும் பேசாது காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஈற்றில், தாழ்வான இருக்கையுள்ள பழைய ஹொண்டா சீ.ஆர்-வீ ஒன்றை வாங்கினோம். அது 2014ஆம் ஆண்டுக் கார். மறு ஆண்டில் கியர்ப்பெட்டி மாற்றப்பட்டதால், அதே பெயர் கொண்ட 2015ஆம் ஆண்டுக் காரை அவ்வாறு இழுக்கலாகாது. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் நட்டமே. இழுக்குமுன் கைந்நூல் கூறும் முறைப்படி எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நியூட்ரலில் நிறுத்த வேண்டும். சுக்கான் பூட்டிக்கொள்ளாதபடி திறப்பையும் உரிய நிலையில் வைக்க வேண்டும். இழுவைத் தண்டு, காவற் சங்கிலிகள், பின்விளக்குகள் ஆகியவற்றோடு, காருக்குத் தனியான பிறேக் கருவியும் பொருத்தினோம். ஏறக்குறைய 1,500 கிலோ நிறையை முன்வண்டியின் பிறேக் மாத்திரம் தாங்கி நிற்பது ஆபத்தன்றோ?

நான் ஊர் திரும்பிய பின் ஒரு புகைப்படம் வந்தது. பான்ஃப் மலைச்சாரலில், அச்சிறு காரின் திறந்த கதவருகே அண்ணியார் அமர்ந்திருந்தார்.

மாணவர்க்குப் புத்தகத்தைக் கூர்ந்து வாசிக்குமாறு நாள்தோறும் கூறுபவன் நான். அந்தக் கைந்நூல் எங்கள் பணத்தைக் காத்தது உண்மையே. ஆயினும் அண்ணியாரின் முழங்காலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை நாங்களே அல்லவா வாசித்திருக்க வேண்டும்!