துரையின் அறை

கோட்டா என்ற பெயர் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. சிறு சிறு கட்டங்கள் நிறைந்த மெல்லிய கோட்டாச் சேலையைப் பெண்மணிகள் நன்கறிவார்கள். என்ஜினீயரிங், வைத்தியக் கல்லூரிகளின் பிரவேசப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஊர் அது என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். ராஜஸ்தானத்தில் சம்பல் நதிக்கரையில் அமைந்த அந்நகரத்துக்கு மூன்றாவது கீர்த்தி ஒன்றும் உண்டு. அது ஒரு பேயினால் வந்தது!

பேய் என்றதும் பாழ் மண்டபத்தையும் புளியந்தோப்பையும் நேயர்கள் எண்ண வேண்டாம். இந்தப் பேயின் வாசஸ்தலம் பிரிஜ்ராஜ் பவன் என்னும் அழகிய வெள்ளை மாளிகை. நதியை நோக்கிய தாழ்வாரங்களும், பசும் புல்வெளியும், சுவர்களில் பழைய படங்களும் வேட்டைச் சின்னங்களுமாக அது விளங்குகிறது. 1830-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட அந்த மாளிகை, ஆதியில் பிரிட்டிஷ் சர்க்காரின் அரசியல் ஏஜெண்டு வசித்த இடம். சமஸ்தானத்தை ஆண்டவர் மகாராவ். அவரை ஆட்டி வைத்தவர் இந்த மாளிகையில் இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு மாளிகை மகாராவின் குடும்பத்துக்கு வந்தது. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தபின், நாடெங்கும் பல அரண்மனைகள் ஹோட்டல்களாயின. 1980-களில் இதுவும் அப்படியே விருந்தினரை வரவேற்கலாயிற்று.

இனி, பேயின் பூர்வ கதையைக் கேட்போம். 1857-ல் கோட்டாவில் ஏஜெண்டாக இருந்தவர் மேஜர் சார்லஸ் பர்ட்டன். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் நீமச் ராணுவ முகாமில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கோட்டாப் படையுடன் அங்கே சென்றார். அக்டோபர் 12-ந் தேதி தம் குமாரர்கள் இருவருடன் திரும்பி வந்தார். சமஸ்தான உத்தியோகஸ்தர் சிலரை விலக்கித் தண்டிக்க வேண்டும் என்று மகாராவ் ராம்சிங்கிடம் அவர் இரகசியமாகக் கூறியதாகவும், அந்த இரகசியம் படைவீரர் காதுக்கு எட்டிவிட்டதாகவும் சரித்திர நூல்கள் சொல்லுகின்றன.

அக்டோபர் 15-ந் தேதி காலை, படைவீரர்கள் மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். ஒட்டகம் ஓட்டும் ஒருவன் மட்டும் உடன் நின்றான். தந்தையும் புதல்வர்களும் மேல்மாடியில் ஏறிச் சுமார் ஐந்து மணி நேரம் எதிர்த்து நின்றார்கள். பிள்ளைகளின் உயிரையாவது காக்கலாம் என்று சரணடைய எண்ணினாராம் தந்தை. பிள்ளைகள் அதற்கு இசையவில்லையாம். முடிவில் மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்நிய ஆட்சியை எவ்வளவு வெறுப்பவரும் அந்த இளைஞர் இருவருக்காக ஒரு கணம் இரங்காமல் இருக்க முடியாது.

அன்று மாண்ட மேஜரே இன்றும் இரவில் மாளிகையில் உலவுகிறார் என்பது ஐதிகம். அவர் விருந்தினருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் இரவுக் காவற்காரன் சற்றே கண்ணயர்ந்தால் போதும். கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழும்! காவல் நேரத்தில் சுருட்டுப் பிடிப்பதும் துரைக்குப் பிடிக்காதாம். மகாராவ் குடும்பத்தாரும் இந்தக் கதையை வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்பதற்கு வேடிக்கையாய்த்தான் இருக்கிறது. ஆயினும் சற்று யோசித்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம் உயிருக்குப் போராடி, கண்ணெதிரே பிள்ளைகள் நிற்க மாண்ட மனிதர், பேயாய் வந்தால் என்ன செய்வார்? பிள்ளைகளைத் தேடி அலைவார்; அல்லது தம்மைக் கொன்றவர்களைத் தேடுவார். கதையிலோ அவர் செய்வது ஏழைக் காவற்காரனைக் கன்னத்தில் அறைவது! ஆகவே, இந்தக் கதையில் உலவுவது பர்ட்டன் என்ற தந்தை அன்று. துரை என்ற பதவி. ஒரு காலத்தில் நம்மவர் கன்னங்களுக்கு நன்கு பழக்கமாயிருந்த அந்தக் கை, கதையிலே இன்னும் ஓயவில்லை. மாளிகை கைமாறி, கொடி மாறி, சட்டம் மாறிய பிறகும் அறை மட்டும் மாறவில்லை.

கதையில் இடம் பெறாதவர்களும் உண்டு. அந்தக் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்கள் லாலா ஜெயதயாளும் மெஹ்ராப் கானும். ஒருவர் ஹிந்து, மற்றவர் முஸல்மான். 1858 மார்ச் இறுதியில் ஜெனரல் ராபர்ட்ஸ் நகரத்தைக் கைப்பற்றும் வரையில், ஐந்து மாதங்களுக்கு மேல் கோட்டாவின் பெரும்பகுதி புரட்சிக்காரர் வசம் இருந்தது. தலைவர் இருவரும் பின்னர் பிடிபட்டு, 1860-ல் தூக்கிலிடப்பட்டார்கள். மகாராவுக்கு முழங்கிவந்த பீரங்கி மரியாதையும் பதினேழு குண்டுகளிலிருந்து பதின்மூன்றாகக் குறைக்கப்பட்டது. தூக்குமரம் ஏறிய இருவரும் இரவில் வந்து யாரையும் எழுப்புவதாகக் கதை இல்லை. ஓடாமல் நின்ற ஒட்டகக்காரனுக்கோ கதையில் பெயரும் இல்லை.

ஹோட்டலுக்கு ஒரு பேய் இருப்பது வியாபாரத்துக்கு நல்லதுதான். அதில் நமக்குப் பிணக்கில்லை. கோட்டாவுக்குப் போகும் நண்பர்கள் மாலை வேளையில் அந்தத் தாழ்வாரத்தில் அமர்ந்து, சம்பல் நதி இருளில் மறைவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். யாரேனும் துரையின் கதையைத் தொடங்கினால் ஆவலோடு கேட்கட்டும். கேட்டு முடித்ததும், ஜெயதயாளின் கதையையும் மெஹ்ராப் கானின் கதையையும் சொல்லும்படி கேட்கட்டும். சொல்லத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், உடன் வந்த குழந்தைகளுக்குத் தாமே சொல்லட்டும். போகிறபோது வாயிற் காவற்காரனிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டும் போகட்டும். இரவெல்லாம் விழித்திருந்து நம் உறக்கத்தைக் காப்பவன் அவன்தானே!