இழையும் பிசினும்

மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தின் அருகே விளாச்சேரி என்னும் சிற்றூர் உள்ளது. நவராத்திரிக் கொலுவிற்குரிய பொம்மைகளைச் செய்வோர் வாழும் ஊர் அது. களிமண்ணால் மட்டுமன்றிக் காகிதக் கூழாலும் அவர்கள் பொம்மை செய்வர். அச்சின் உட்புறத்தில் கூழை அப்பி, உலர்ந்தபின் பிரித்தெடுத்தால், உள்ளே வெறுமையும் புறத்தே வடிவும் உடைய பொம்மை கிடைக்கும். முழங்கால் உயரப் பொம்மையையும் ஒரு சிறுமி எளிதில் தூக்கிச் செல்வாள்.

காகிதத்திற்கு ஈடாகக் கண்ணாடி இழையும், பசைக்கு ஈடாகச் செயற்கைப் பிசினும் கொண்டால், ஏறக்குறைய இதே முறையில் மோட்டார் காருக்கும் மேலுடல் சமைக்கலாம். கலிபோர்னியாவில் படகு கட்டிவந்த பில் டிரிட் என்பார் 1951ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டினார். 1953இல் ஷெவர்லே நிறுவனத்தார் இவ்வகை உடலோடு கார்வெட் என்னும் காரை வெளியிட்டனர். முதலாண்டில் செய்தவை 300 வண்டிகளே. இரும்புத் தகட்டை வளைக்கப் பேரியந்திரம் வேண்டும். இழைக்கோ, அச்சும் தூரிகையும் போதும். ஆதலின், வீட்டு முற்றத்திலும் இத்தொழில் நடைபெறக்கூடும்.

காரின் முன்மூடியை எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பு மூடியின்மேல் மெழுகு தேய்த்து, அதன்மீது இழையும் பிசினும் படியவைத்தால் அச்சு கிடைக்கும். அவ்வச்சின் உட்புறத்தில் மீண்டும் மெழுகு தேய்த்து, வண்ணப்பூச்சு ஒன்றை இட்டு, இழைப்பாயை விரித்துப் பிசினைத் தடவ வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி உருளையால் அழுத்துதல் இன்றியமையாதது. குமிழி நின்ற இடமே பின்னர் வெடிக்கும் இடம்.

100 பங்கு பிசினுக்கு 1 அல்லது 2 பங்கு கெட்டியாக்கி சேர்ப்பர். இங்கேதான் மதுரை வெயில் குறுக்கிடுகிறது! சித்திரை மாதத்து நண்பகலில் பிசின், இழையை நனைப்பதற்கு முன்பே கிண்ணத்தில் இறுகிவிடும். மிகுதியாகக் கலந்துவிட்டாலோ, தானே கொதித்துப் புகையும். விடியற்காலையில், சிறிது சிறிதாகக் கலந்து செய்வோரே பிழைத்தனர். இறுகிய விளிம்பை அறுக்கும்போது எழும் கண்ணாடித் துகள் மூச்சுக்குள் புகாதவாறு முகமூடி அணிதல் வேண்டும். துணிவு காட்டுவதற்குரிய இடம் இதுவன்று.

இவ்வளவு பாடும் எதற்கு? எடைக்காகவே. 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோவிற்கு மேல் நிறுக்கும். 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள இழைத்தகடு 4 கிலோவிற்கும் குறைவு. அதற்குத் துருவும் இல்லை.

நம் நாட்டிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. பெங்களூரில் சிப்பானி நிறுவனத்தார், ரிலையன்ட் கிட்டன் என்னும் ஆங்கிலேயக் காரைத் தழுவி, 1982இல் டால்பின் என்னும் இழையுடல் காரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 848 கன சென்டிமீட்டர் எஞ்சினே உடையதாயினும், உடல் இலேசானமையால் விரைந்தோடிற்று. பந்தயக்காரர் அதனை விரும்பினர். ஆயின், இரண்டே கதவுகள் உடைய அதனைவிட, 1983 டிசம்பரில் வந்த மாருதியையே குடும்பத்தார் நாடினர்.

பேணிவைத்த டால்பின் ஒன்றைக் காண நேர்வோர் மேலுடலை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுதல் கூடாது. இழை துருப்பிடிப்பதில்லை, அதனைச் சுமக்கும் அடிச்சட்டமோ இரும்பு. குனிந்து பார்த்தல் வேண்டும்.