இருபதாவது சுற்று

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை என் மகளுக்குத் தமிழ் வகுப்பு. ரொறன்ரோவில் பாடசாலைச் சபை நடத்துகிற மொழி வகுப்புகளில் ஒன்று. கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். ஸ்காபரோவில் அந்தப் பாடசாலையின் கார்த் தரிப்பிடத்தில், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, பிள்ளை வெளியே வரும்வரை பெற்றோர் காருக்குள் இருப்பார்கள். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் வருடம் சனவரியில் ஒருநாள் சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். மே மாத முதல் ஞாயிறு, யங் வீதியில் தொடங்கும் மரதனுக்குப் பெயர் கொடுத்திருந்தேன்.

மரதன் 42.195 கிலோமீற்றர். பலரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதற்கு முந்திய 18 கிழமைகள்தான் மரதன். சின்ன ஓட்டங்களை எங்கேயாவது செருகிவிடலாம். வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணித்தியாலம். செவ்வாயும் வியாழனும் பஸ் ஏறாமல் வீட்டுக்கு ஓடியே வந்துவிடுவேன், ஒன்பது கிலோமீற்றர். கிழமைக்கு ஒருமுறை ஓடவேண்டிய நீண்ட ஓட்டத்தை அப்படிச் செருக முடியாது. அதற்கு இரண்டரை, மூன்று, மூன்றரை மணித்தியாலம் ஒரே துண்டாக வேண்டும்.

அந்த ஒரே துண்டு என்னிடம் இருந்ததில்லை. ஒன்ராறியோவில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்குச் சம்பளம். வந்த காலத்திலிருந்து என் சனிக்கிழமைகள் அந்த ஒன்றரை மடங்கில்தான் போயின. வாடகை, சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. மகளை வகுப்புக்குக் கூட்டிப்போகத்தான் சனிக்கிழமை ஓவர்ரைமை விட்டேன். அப்படி விட்ட நேரத்தை எடுத்து நான் ஓடுவதா? முதல் சில கிழமைகள், வீட்டுக்காசில் கைவைத்தவன் போல மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

பாடசாலையைச் சுற்றி நான்கு தெருக்கள். ஒரு சுற்று 1.6 கிலோமீற்றர். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினால் சலிக்காதா என்று கேட்பவர்களுக்கு நான் எட் விற்லொக்கைச் சொல்வேன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்கு வந்து குடியேறிய சுரங்கப் பொறியியலாளர் அவர். மில்ரனில் வீட்டுக்குக் கிட்ட இருந்த இடுகாட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பயிற்சி எடுத்தார். சில காலங்களில் நாளுக்கு மூன்று மணித்தியாலம்கூட ஓடினார். 2003 இல், 72 வயதில், ரொறன்ரோவில் மரதனை மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்தார். எழுபதைத் தாண்டிய எவரும் அதுவரை அதைச் செய்ததில்லை. அடுத்த வருடம் 2 மணி 54 நிமிடம். அதற்கு அழகான ஏரிக்கரை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கும் அந்த நான்கு தெருக்கள் போதும். மகள் இருக்கிற கட்டடம் கண்ணில் படுகிறது. காரின் பின்பக்கத்தில் தண்ணீரும் பேரீச்சம்பழமும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

மாசியில் சில காலைகளில் மைனஸ் 18 பாகை. இடுப்பில் கட்டிய போத்தலின் வாய் முதலில் உறையும். அதனால் போத்தலைக் கவிழ்த்துச் செருகக் கற்றுக்கொண்டேன். இமை மயிரில் மூச்சு ஐஸாகிவிடும். ஓட்டத்துக்கு உடுக்கும்போது, வெளியே இருப்பதைவிடப் பத்துப் பாகை கூட என்று நினைத்து உடுக்கவேண்டும். தொடங்கும்போது குளிரில் பல் கிட்டும். இரண்டாம் சுற்றில் சரியாகிவிடும்.

அந்த மாசியில்தான் ஒரு கார்க் கண்ணாடி கீழே இறங்கியது. "தம்பி, ஏழு முடிஞ்சுது." பேரனுக்காகக் காத்திருக்கிற ஐயா ஒருவர். நான் சுற்றுகளை எண்ணாமல் விட்டாலும் அவர் விடமாட்டார். கார்க் கண்ணாடியில் படிந்த புகாரில் விரலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்: நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பத்தாவது சுற்றில் பிளாஸ்கின் மூடியில் பிளேன்ரீ நீட்டினார். இஞ்சியும் சீனியும் தூக்கலாக. கடையில் விற்கிற எந்த ஜெல்லும் அந்தத் தேத்தண்ணீருக்குக் கிட்ட வராது.

பதினான்கு சுற்று, 22.4 கிலோமீற்றர். அதோடு வகுப்பு முடியும், நேரமும் முடியும். பங்குனியில் தூரம் 26, 29 என்று ஏறியபோது ஓட்டத்தை இரண்டாக உடைத்தேன். மனைவி முதியவர்களை வீட்டில் பராமரிக்கிற வேலை செய்கிறாள். சனிக்கிழமை ஆறரைக்கு வெளிக்கிடவேண்டும். அவள் வீட்டில் இருக்கும்போதே ஐந்தரைக்கு இறங்கி, இருட்டில் ஒரு பகுதியை ஓடிவிட்டு வருவேன். பிறகு மகளை எழுப்பி, சாப்பாடு கொடுத்து, தலை இழுத்துவிடவேண்டும். கட்டிலில் இருந்தால் எழும்ப முடியாது என்பதற்காக நின்றுகொண்டே பின்னுவேன். தொடை நடுங்கும். விறைத்த விரல்களுக்குள் மூன்று புரியும் நழுவும். "அப்பாட கை ஐஸ்" என்று கழுத்தைச் சுருக்குவாள். இரண்டாவது பின்னல் எப்போதும் கோணலாகத்தான் வந்தது. அவள் அதை அவிழ்க்கச் சொன்னதில்லை.

ஆனால் உடைத்து ஓடுவது ஒரே ஓட்டம் ஆகாது. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கிற மாச்சத்து பெரும்பாலும் முப்பதாவது கிலோமீற்றரை அண்டித்தான் வற்றும். அந்த வறட்சியில் தொடர்ந்து கால் வைக்க உடம்பு பழகவேண்டும். இடையில் இருந்து, சாப்பிட்டு, பிறகு ஓடினால் அந்தப் பாடம் வராது. மரதனுக்கு மூன்று கிழமை முன்னால் ஒரு 32 கிலோமீற்றராவது முறியாமல் ஓடவேண்டும். இருபது சுற்று. எனக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல்.

மனைவியோடு இருந்து பேசினேன். சனி பின்னேரங்களில் நான் எதற்கும் உதவாமல் படுத்துக்கிடந்ததை அவள் அதுவரை சொல்லிக்காட்டியதில்லை. "நீங்க ஓடுங்கோ. ஞாயிறு பின்னேரம் எனக்கு. நாலு மணித்தியாலம் என்னை ஒருத்தரும் கூப்பிடக்கூடாது" என்றாள். அதை முதல் கிழமையே நான் கேட்டுக் கொடுத்திருக்கவேண்டும். நீண்ட ஓட்டத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் தூரத்தையும் வேகத்தையும் எழுதுகிறார்கள். அந்த நேரம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதை எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிற கலண்டரில், என் கிலோமீற்றருக்குப் பக்கத்தில் அவளுடைய ஞாயிறும் இருக்கிறது.

பிள்ளையைக் கொண்டுவருகிற பிரச்சினையை ஐயா தீர்த்தார். அவர்களுடையது எங்களுக்கு அடுத்த கட்டடம். "பெடியனோட பிள்ளையையும் நான் ஏத்திக்கொண்டு வாறன். நீர் வெள்ளெனத் தொடங்கும்."

சித்திரையில் அந்தச் சனிக்கிழமை, மகளைத் தலை இழுத்து ஐயாவின் வீட்டில் விட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தொடங்கினேன். வீதியோரம் உப்பும் மண்ணும் படிந்த கறுத்த ஸ்னோக் குவியல்கள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. மனைவி காலையில் வடித்து வைத்த கஞ்சி, உப்புப் போட்டு, போத்தலில். நாலாவது சுற்றில் ஐயாவின் கார் வந்து நின்றது. மகள் கொப்பியை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். பதினாறில் முழங்காலுக்கு மேலே கல்லைக் கட்டியது போல இருந்தது. பதினெட்டில் எதையும் நினைக்கவில்லை. அடுத்த மின்கம்பம், அடுத்த மின்கம்பம்.

பத்தொன்பதை முடித்துக்கொண்டு வளைவில் திரும்பும்போது வகுப்பு விட்டிருந்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. படலையடியில் ஐயா ஒரு கையில் பேரனையும் மறு கையில் என் மகளின் புத்தகப் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் பின்னல் இரண்டும் துள்ள என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"முடிஞ்சுதா அப்பா?"

மூச்சு வாங்கியதில் எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஐயாதான் சொன்னார்: "இன்னும் ஒண்டு கிடக்கு, பிள்ளை. வழியை விடு."