மணியும் வாழைமர நோட்டும்

நியூசிலாந்தின் வடபகுதியில் வாங்கரை என்னும் வட்டாரம் உள்ளது. ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில் வில்லியம் கொலென்சோ என்பவர் அங்குச் சென்றிருந்தார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்த சமயப் பணியாளர். அச்சுத் தொழில் அறிந்தவர். அங்கே மாவோரி இனப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். கிழங்கு வெந்துகொண்டிருந்த பாத்திரம் அவருடைய கவனத்தை ஈர்த்தது. உற்றுப் பார்த்தபோது அது பானையன்று, வாய்ப்புறம் மேலாக வைக்கப்பட்ட ஓர் உடைந்த வெண்கல மணி என்பது தெரிந்தது.

பல காலத்திற்கு முன்பு காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினார்கள். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்துவிட்டு மணியைப் பெற்றுக்கொண்டார். கிழங்கு வேகவைப்பதற்கு இரும்புப் பானையே மேலானது. எனவே, அந்தப் பண்டமாற்றில் மாவோரிப் பெண்களுக்கு நட்டம் ஏதும் இல்லை.

மணி சிறியது. சுமார் 13 சென்டிமீட்டர் அளவுதான். இரு கைகளுக்குள் அடங்கிவிடும். அதைச் சுற்றி ஒரு வரி எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. அது தமிழ் என்பது பின்னரே தெரியவந்தது. ‘முகையதீன் வக்குசுவின் கப்பல் மணி’ என்பது அந்த வரியின் பொருள். நாகப்பட்டினம், காயல்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் கெடா, மலாக்கா, ஆச்சே வரை கப்பலோட்டி வாணிகம் செய்தவர்கள். அத்தகையோரின் கப்பல் ஒன்றில் இம்மணி தொங்கியிருக்கலாம். ஆனால், அது நியூசிலாந்துக்கு எப்படிப் போனது? புயலில் சிக்கிய கப்பல் அத்தனை தொலைவு மிதந்து சென்றதா, அல்லது வேறொரு கப்பலில் வந்தவர்கள் மணியைக் கொண்டுவந்தார்களா? விடை கிடைக்கவில்லை. மணியின் வயதைக் குறித்தும் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1899இல் கொலென்சோ காலமானார். மணி இன்று வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அந்த மணிக்கு ஒரு பெயராவது மிஞ்சியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பழைய தகரப் பெட்டிகளைத் திறந்தால், பெயரே இல்லாத பொருள்கள் பல கிடைக்கும். தேய்ந்துபோன பால்வெட்டு உளி, மீட்கப்படாத நகையின் அடகுச் சீட்டு, யாரென்று தெரியாத ஒருவரின் நிழற்படம். இவற்றோடு பல வீடுகளில் இருப்பது வாழைமர நோட்டு.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்கள் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரத்தின் படம் இருந்தது. மக்கள் அந்தப் படத்தையே அதற்குப் பெயராக்கிவிட்டார்கள். பணத்தாள்கள் அளவின்றி அச்சடிக்கப்பட்டன. பல நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. நோட்டு பெருகப் பெருக விலையும் ஏறியது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாயிற்று. செல்லாத பணத்தை எதற்காக இத்தனை ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்?

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பின்னர் மகனோடு நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிவந்த ஒரு மூதாட்டியிடம் அப்படி ஒரே ஒரு நோட்டு இருந்தது. அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வீடு மாறும் நாளில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த பேரன் அதை எடுத்துப் பார்த்தான்.

“இது செல்லுமா, பாட்டி?”

“அன்னிக்கே செல்லாத காசுய்யா அது,” என்றார் அவர். பிறகு, அவன் கையிலிருந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

போர்க்காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டங்களில் வேலையில்லை; அரிசியும் இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தொலைவுக்கு இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் ஆள் சேர்த்தனர். நல்ல சம்பளம் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள் உண்டு. பலவந்தமாக லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து சென்றவர்களில் மிகப் பலர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் அவர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மாண்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

மூதாட்டியின் தந்தை அந்த ஆண்டுதான் சயாமுக்குப் போனார். புறப்படும் காலையில் தம் மனைவியின் கையில் பத்து வெள்ளியைக் கொடுத்து, அரிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார். கடைக்குப் போனால் அரிசி இல்லை. அடுத்த முறை போகலாம் என்று நோட்டைத் திரும்பக் கொண்டுவந்தார் அம்மா. அடுத்த முறையும் இல்லை. லயத்தின் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்குதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது. போர் முடிந்தது, பணம் செல்லாமல் போயிற்று, தந்தை வரவில்லை. மற்ற நோட்டுகளைப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடிக் கிழித்தார்கள். இந்த ஒன்றை மட்டும் அம்மா தரவில்லை.

பேரனுக்கு இது புதிய செய்தி. தாத்தாவின் பெயரை அவன் அறிவான். பாட்டியினுடைய தந்தையின் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வழக்கமாக ‘எங்கப்பா’ என்றுதான் சொல்வார். அவன் ஒரு கடித உறையின் பின்புறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பெயரைக் கேட்டான், சொன்னார். தோட்டத்தின் பெயரைக் கேட்டான். பழைய பெயரையும் இப்போதைய பெயரையும் சொன்னார். லயத்தில் எத்தனையாவது வீடு என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நோட்டை அந்த உறைக்குள் வைத்தான்.

எந்த நிலையத்தில் இரயில் ஏறினார் என்று கேட்டதற்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போது அவருக்கு ஐந்து வயது.