ஒரு பானை பொடிக்கு எத்தனை சோறு பதம்?

வலங்கைமான்காரன் 'பவுடர் மெட்டலர்ஜி'யில் ப்ராஜெக்ட் செய்கிறேன் என்றால் முதல் கேள்வி, "பட்டாசா தம்பி?" என்பதுதான். எங்க ஊர் பேர் அப்படி :-)

இது வேற பொடி மக்களே. இரும்புப் பொடியை அச்சில் போட்டு அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும். வண்டிகளில் வரும் சில பல்சக்கரங்களும் புஷ்களும் இப்படிப் பிறந்தவைதான். அதை இழுத்துப் பார்த்து வலிமை சொல்வது என் வேலை.

அங்கேதான் வந்தது வினை. பொடி உலோகத்துக்கு ஏ.எஸ்.டி.எம். இ8 சொல்லும் டம்பெல் வடிவத் துண்டின் அழுத்தும் பரப்பு 645 சதுர மி.மீ. 600 மெகாபாஸ்கலில் அழுத்த ஏறக்குறைய 39 டன் வேண்டும். எங்க லேப்பில் இருப்பதோ 25 டன் பிரஸ். 20 மி.மீ. விட்டமுள்ள வில்லை என்றால் 19 டன்னில் முடிந்துவிடும். சரி, வில்லை செய்து அதிலிருந்து குட்டித் துண்டு வெட்டுவோம் என்று முடிவு.

அணு உலைப் பொருள் ஆராய்ச்சியில் எஸ்.எஸ்.-ஜே3 என்று ஒரு அளவு உண்டு. நீளம் 16 மி.மீ., தடிமன் 0.75. நடுவில் இழுபடும் பகுதி 5 மி.மீ. நீளம், 1.2 அகலம். உலைக்குள் இடம் கம்மி, துண்டு சின்னதானால் கதிரியக்கமும் கம்மி. நம்ம கல்பாக்கத்திலும் பொடியிலிருந்து செய்யும் ஓ.டி.எஸ். எஃகு ஆராய்ச்சியும் குட்டித் துண்டு சோதனைகளும் நடந்திருக்கின்றன. அவர்களுக்கு ஆகும்போது எனக்கு ஆகாதா?

வயர்கட்டில் மூன்று துண்டு வெட்டி இழுத்தேன். மூன்றும் மூன்று எண்! ரிவ்யூவுக்கு இரண்டே வாரம். நல்ல எண்ணை மட்டும் எழுதிவிடலாமா என்று கை அரித்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். நெல் எடுக்க வந்த வியாபாரி மூட்டையின் வாய், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்த்தார். "ஒரு பிடி பார்த்தா போதாதாப்பா?" என்றேன். அப்பா சிரித்தார். "கிளறின சோத்துக்குத்தான்டா ஒரு சோறு பதம். கட்டி வச்ச மூட்டைக்கு இல்ல."

பொறி தட்டியது. மேலிருந்து மட்டும் அழுத்தினால் அச்சுச் சுவரின் உராய்வால் வில்லையின் மேல்பக்கம் அடர்த்தி அதிகம், அடியில் கம்மி. எந்தத் துண்டு எந்த உயரம் என்று நான் குறிக்கவே இல்லை. தவிர, என் பொடி 150 மைக்ரான் வரை இருக்கும். 0.75 மி.மீ. தடிமனில் குறுக்கே 5 துகள்தான். ஒரு பெரிய துளை வந்தால் துண்டு அதோடு சரி. தடிமனை அளப்பதில் 0.02 மி.மீ. தப்பினாலே வலிமையில் 2.7 சதவீதம் தப்பு.

மறுபடி ஆரம்பித்தேன். தடிமனை 1.5 ஆக்கினேன். ஒரே உயரத்தில் எட்டுத் துண்டு. நீளத்துக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் மாறிவிட்டதால், நீட்சியைப் பெரிய துண்டுகளோடு ஒப்பிடவில்லை. எட்டு எண்ணையும் அப்படியே எழுதினேன்.

"ஏன் இவ்வளவு சிதறல்?" என்று ரிவ்யூவில் கேட்டார்கள். இந்தத் தடவை சொல்ல என்னிடம் பதில் இருந்தது.

நீங்களும் குட்டித் துண்டு வெட்டுகிறீர்கள் என்றால், எங்கே வெட்டினீர்கள் என்று முதலில் மார்க்கரால் எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.